ஐந்து குண்டை நம்பி ட்யூனரைப் பூட்டாதீர்கள்

50 மீட்டர் .22 ரைஃபிளின் பேரல் (குழல்) நுனியில் ட்யூனர், அதாவது திருகினால் முன்னும் பின்னும் நகரும் சிறு எடை, மாட்டியவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: சில கிளிக் திருகுவது, ஐந்து குண்டு சுடுவது, அட்டையைப் பார்ப்பது. ட்யூனரின் எந்த எண்ணில் ஓட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தனவோ அங்கேயே பூட்டிவிடுவது. நானும் ஒரு ஞாயிறு முழுக்க அப்படித்தான் சுட்டேன். ஐந்தும் சேர்ந்து ஒரே கிழிசலாக, சட்டைப் பொத்தான் வைத்தால் மறைந்துவிடும் அளவுக்கு விழுந்த அட்டையைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் அதே எண், அதே பெட்டித் தோட்டா. குரூப், அதாவது ஓட்டைகள் பரவிய அகலம், இரண்டு மடங்கு விரிந்தது.

ட்யூனர் மேல் குறையில்லை. எதையும் மாற்றாமல் பத்து முறை ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள். மிகச் சிறிய குரூப்புக்கும் மிகப் பெரியதற்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் சாதாரணமாக வரும். ஆகவே முதலில் ட்யூனரைத் தொடாமல் ஐம்பது குண்டு சுட்டு, ரைஃபிளின் இயல்பான சிதறலைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு நன்றாகத் தோன்றும் இரண்டு மூன்று எண்களை மட்டும் வெவ்வேறு நாட்களில் இருபது இருபதாகச் சுட்டு ஒப்பிடுங்கள். தோட்டாச் செலவு வலிக்கும். தவறான எண்ணோடு ஒரு சீசன் முழுக்கச் சுடுவது அதைவிட வலிக்கும்.

ட்யூனர் என்ன செய்கிறது என்று புரியாமல் திருகுவது அடுத்த தவறு. சுட்டதும் குண்டு பேரலுக்குள் இருப்பது 2 முதல் 3 மில்லி விநாடிதான். அதற்குள்ளேயே பேரல் அதிர்ந்து, அதன் வாய் மேலும் கீழும் ஆடுகிறது. விநாடிக்கு 325 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 50 மீட்டரில் சுமார் 12 செ.மீ. தாழும், வேகம் விநாடிக்கு 10 மீட்டர் குறைந்தால் இன்னும் 7 மி.மீ. இறங்கும். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ. தான்! மெதுவான குண்டு சற்றுத் தாமதமாக வெளியேறும். அந்தக் கணத்தில் பேரல் வாய் எழுந்துகொண்டிருந்தால் இறக்கம் ஈடாகிவிடும். எடையை நகர்த்தி இந்தக் கணத்தைப் பிடிப்பதுதான் ட்யூனிங்.

எனவே அது முக்கியமாக மேல்கீழ்ச் சிதறலுக்கான மருந்து. காற்றால் இடம் வலமாகப் போகும் குண்டுக்கு அதில் தீர்வு தேடாதீர்கள். ஸ்டாக் (பேரலைத் தாங்கும் கட்டை) திருகு தளர்ந்திருந்தாலோ சைட் (குறிபார்க்கும் கருவி) ஆடினாலோ அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். தோட்டா லாட்டும் (ஒரே தயாரிப்புத் தொகுதி) அப்படியே. ரைஃபிளுக்கு ஒத்துப்போகும் லாட்டைத் தேர்ந்த பிறகே ட்யூனர். பிராண்டை மாற்றினால் பேரலுக்குள் பழைய தோட்டாக்கள் விட்ட மெழுகு போக முதல் பத்து இருபது குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மேசையில் மணல் மூட்டை மேல் வைத்துக் கண்ட எண்ணை அப்படியே போட்டிக்குக் கொண்டுபோகவும் கூடாது. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற மூன்று நிலைப் போட்டியில் முழந்தாளிட்டும் படுத்தும் நின்றும் சுட வேண்டும். பிடி மாறினால் ரைஃபிள் உதைத்து நகரும் விதமும் மாறும். ஸ்லிங் (கையோடு ரைஃபிளைப் பிணைக்கும் பட்டை) மாட்டிச் சரிபாருங்கள். எடை நகர்ந்தால் குண்டு விழும் இடமும் நகரும். அது கெட்ட எண் என்பதற்கு அடையாளமல்ல, சைட்டை மறுபடி சீரோ செய்தால், அதாவது குண்டு விழும் இடத்துக்குப் பொருத்தினால், போதும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ட்யூனரைத் திருகும்போது விரல்கள் பேரல் வாய்க்கு அருகில் இருக்கின்றன. ஒரே ஒரு கிளிக்தான் என்றாலும் போல்ட்டைத் திறந்து, சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலி என்று கண்ணால் பார்த்து, அது காலி என்று காட்டும் சேஃப்டி ஃபிளாக்கைச் செருகிய பிறகே கை முன்னே போகட்டும்.