ஸ்டியரிங் ஆடுதா? மொதல்ல ரிம்முக்கு உள்ள பாருங்க

போன வாரம் சுங்கை சிப்புட்லேர்ந்து ஈப்போ போறப்ப 90 தாண்டுனா போதும், ஸ்டியரிங் கையில கடகடன்னு ஆடுது, சரி பேலன்சிங் (சக்கரத்தோட எடை சுத்தியும் சமமா இருக்கறது) போச்சு, காசுக்கு வேட்டுதான்னு நெனச்சு டயரைக் கழட்டிப் பாத்தா ரிம்முக்கு உள்பக்கம் எஸ்டேட் செம்மண்ணு ஒரு கை அளவுக்கு அப்பி, காஞ்சு கல்லு மாதிரி இருக்கு. ஒரு குச்சிய வச்சு சொரண்டி தண்ணி அடிச்சேன், ஆட்டம் நின்னுருச்சு, ஒரு வெள்ளி செலவில்ல. மழை நாள்ல செம்பனைக் காட்டு ரோட்டுல ஓட்டுறவங்க மொதல்ல இத பாருங்க.

மண்ணு இல்ல, ஆனா 80லேர்ந்து 110க்குள்ள மட்டும் ஆடுதுன்னா பெரும்பாலும் பேலன்சிங்தான், ஸ்டியரிங்ல தெரிஞ்சா முன் டயர், சீட்டுல தெரிஞ்சா பின் டயர். அலைன்மென்ட் (சக்கரம் நிக்கிற கோணம்) வேற, அது சரியில்லன்னா காடி ஒரு பக்கமா இழுக்கும், ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க. பிரேக் மிதிச்சா மட்டும் ஆடுனா டிஸ்க்கப் பாருங்க. சிக்னல்ல நிக்கறப்ப டி கியர்ல அதிர்ந்து நியூட்ரல் போட்டா கொறையுதா, எஞ்சினத் தாங்குற ரப்பர், அதான் எஞ்சின் மவுண்டிங்கா இருக்கலாம்.

டயரோட பக்கவாட்டுல வீங்கியிருந்தா மட்டும் ஓட்டாதீங்கலா. டயர் மாத்துன மறுநாளே ஆட ஆரம்பிச்சா ஓரமா நிறுத்தி மொதல்ல வீல் நட்டு டைட்டா இருக்கான்னு பாருங்க.