இதழியல் ஆசிரியர் மறுபடி நிருபராகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதழியல் சொல்லிக்கொடுக்கிறவர்கள் விடுமுறையில் மறுபடி நிருபர் வேலைக்குப் போவது நல்ல பழக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நானும் போய்வருகிறேன். ஆனால் போகிற விதம் சரியில்லையென்றால் பழைய பெருமையோடுதான் திரும்புவோம். மாணவர்கள் படுகிற பாடு கண்ணில் படாது.

முதல் தவறு, தெரிந்த ஆட்களை வைத்தே செய்தியை முடிப்பது. கவுன்சிலருக்கு ஒரு போன், கோயில் கமிட்டித் தலைவருக்கு ஒரு போன், மதியத்துக்குள் வேலை முடிந்தது. இரண்டாம் ஆண்டு படிக்கிற பிள்ளைக்கு இவர்களில் யாரைத் தெரியும்? எனவே யாரையும் தெரியாத இடத்தில், ஒரு சின்னச் செய்தியைக் கேட்டு வாங்குங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்பது போதும். பேராசிரியர் என்று சொல்லாமல் பத்திரிகையின் பெயரை மட்டும் சொல்லிப் பேசுங்கள்.

டேங்கர் லாரிக்குப் பின்னால் பக்கெட்டோடு நிற்கிற ஆன்ட்டி எல்லாவற்றையும் சொல்வார்: பில், வேலை இல்லாத மகன், மேல்மாடிக்குத் தண்ணீர் தூக்கிய கதை. நாம் நோட்டை மூடும்போது, “பேரை மட்டும் போட்டுடாதீங்க, கவுன்சிலர் வீடு அடுத்த தெருதான்” என்பார். மாணவரின் தாளில் “பெயர் எங்கே?” என்று சிவப்பு மையில் எழுதுகிறோமே, அந்தக் கேள்விக்குப் பதில் இதுதான்.

நகராட்சியைக் கேட்டால் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்வார்கள். பதில் வருவதற்குள் பத்திரிகை அச்சாகிவிடும். இதற்காக மாணவரின் மதிப்பெண்ணைக் குறைப்பது இன்னொரு தவறு. ஒருவரைக் குறைசொல்லி எழுதினால் முன்கூட்டியே அவர் கருத்தைக் கேட்க வேண்டும், கிடைக்காவிட்டால் அதைச் செய்தியிலேயே சொல்ல வேண்டும் என்பதுதான் தென்னாப்பிரிக்கப் பத்திரிகை நெறிமுறை. மாணவர் எப்போது கேட்டார், எந்தக் கேள்விகளை அனுப்பினார் என்று பாருங்கள். பதில் வந்ததா என்பது மாணவர் கையில் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, “இரண்டு தரப்பையும் கேட்டாயா?” என்பதைச் சோம்பேறித்தனம் பற்றிய கேள்வியாக நினைப்பது. யார் தட்டுகிறார் என்பதைப் பார்த்துத்தான் கதவு திறக்கும். 2021 ஜூலை கலவரத்தில் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர் இறந்தார்கள். ஃபீனிக்ஸில் பெரும்பாலும் இந்திய வம்சாவளியினர். பக்கத்திலேயே உள்ள பாம்பாயியில் பெரும்பாலும் கறுப்பின மக்கள். நான் ஃபீனிக்ஸில் ஒரு கேட்டைத் தட்டினால் “வாங்க, உள்ளே வாங்க” என்பார்கள். கறுப்பினத்தவரான ஒரு ஜூலு மாணவர் தட்டினால் “யாரைப் பார்க்கணும்?” என்று கம்பிக்குப் பின்னாலிருந்து குரல் வரும். நம் வீட்டுப் பெண் பாம்பாயிக்குப் போனால் வணக்கம் சொல்கிற அளவு ஜூலு மொழியாவது தெரியவேண்டும். நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. ஆகவே நாமே முதலில் நமக்குப் பழக்கமில்லாத பக்கம் போக வேண்டும். அப்புறம் மாணவர்களை ஜோடியாக அனுப்பலாம், ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம் என்று.

“எங்கள் காலத்தில்” என்று ஆரம்பிப்பதை விட்டுவிடுங்கள். அந்தக் காலத்தில் படம் எடுக்க ஒருவர், பிழை திருத்த ஒருவர் இருந்தார்கள். இப்போது எல்லாம் ஒரே பிள்ளை, ஒரே போன். (ஆள் பற்றாக்குறை புதிதல்ல. காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பில் அச்சான அவருடைய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை 1906-இல் தமிழ்ப் பகுதியை நிறுத்தியதே ஆசிரியரும் அச்சுக்கோப்பவரும் கிடைக்காமல்தான்.)

திரும்பி வந்ததும் இரக்கப்பட்டு எல்லாருக்கும் மதிப்பெண் அள்ளிக் கொடுப்பதும் தவறுதான். தப்பாக எழுதின பெயருக்கும், யாரும் சொல்லாத மேற்கோளுக்கும் மன்னிப்பு கிடையாது. மாற்ற வேண்டியது பயிற்சியின் அமைப்பை. செய்தியோடு நோட்டையும் வாங்கிப் பாருங்கள்: யார் கதவைச் சாத்தினார்கள், எந்த எண் எடுக்கவில்லை, அடுத்து யாரிடம் போனார். நல்ல நிருபரை அங்கேதான் அடையாளம் காணலாம். அதற்கும் மதிப்பெண் வையுங்கள்.

இன்னொன்று, நேரம். உம்லாசியிலிருந்தும் டோங்காட்டிலிருந்தும் மினிபஸ் டாக்ஸியில் வருகிறவர்கள் இருட்டுவதற்குள் கிளம்பியாக வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கெடு வைத்தால் அவர்கள் வீட்டில் சொந்த டேட்டாவைச் செலவழித்து அனுப்ப வேண்டியிருக்கும். மாலை நாலு மணிக்கு வையுங்கள், கல்லூரி வைஃபையிலேயே அனுப்பிவிட்டுப் போவார்கள்.