அக்காவின் போனும் பூகோள உருண்டையும்

அக்கா டொரண்டோவில் குடியேறிய பிறகு எங்கள் ராயபுரம் வீட்டில் ஒரு தொல்லை. தினமும் காலை 7 மணிக்கு வரும் போன், நவம்பர் பிறந்தால் 8 மணிக்குத்தான் வரும். அந்த ஒரு மணி நேரமும் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பார்.

சரி, காரணத்தைப் பார்த்துவிடலாம் என்று ஒரு பூகோள உருண்டை வாங்கினேன். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. சென்னை கிழக்கே சுமார் 80 டிகிரி, டொரண்டோ மேற்கே 79. கூட்டினால் 159, பதினைந்தால் வகுத்தால் பத்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல். குளிர்காலத்தில் இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசமும் பத்தரைதான்! பள்ளியில் மனப்பாடம் செய்த தீர்க்கரேகை அன்றுதான் உயிரோடு தெரிந்தது.

கோடையில் வெளிச்சத்தைப் பயன்படுத்த அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள்; நவம்பரில் பழையபடி பின்னே வைக்கிறார்கள். அதனால்தான் அக்காவின் போன் நமக்கு ஒரு மணி தள்ளி வருகிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு இரண்டையும் காலண்டரில் வட்டமிட்டேன். அம்மாவின் தவிப்பு நின்றது.

அப்புறம் சித்தப்பா மகன் இருக்கும் நியூசிலாந்தின் ஆக்லாந்து. தென்கோளம் என்பதால் அங்கே தலைகீழ்: செப்டம்பர் கடைசி ஞாயிறு முன்னே, ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே. அதையும் வட்டமிட்டாயிற்று.