கோத்தகிரியில் சமையலறைத் தரையை எப்போது போடுவது

எங்கள் சமையலறைக்கு நான் இரண்டு முறை தரை போட்டேன். முதல் முறை நவம்பரில். தீபாவளி முடிந்து கொத்தனார் சும்மா இருந்தார், நானும் சரி என்றேன். காங்கிரீட் போட்ட நான்காம் நாளே டைல்ஸ் ஒட்டினோம். மூன்று மாதம் கழித்து, சிலிண்டர் நிற்கும் மூலையைத் தட்டினால் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம். தளம் காயக் காயச் சுருங்கும், மேலே ஒட்டிய டைல் விட்டுக்கொள்ளும். சமவெளியில் இது சீக்கிரம் முடிந்துவிடும். இங்கே மஞ்சு இறங்கினால் துவைத்த துணியே மூன்று நாள் காயாது, காங்கிரீட் எங்கே காயும்?

அதனால் மலையில் முதலில் பார்க்க வேண்டியது மாதத்தை. ஜூனிலிருந்து டிசம்பர் வரை ஏதாவது ஒரு பருவமழை நம் தலைமேல்தான். 2009 நவம்பரில் ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த அளவு இல்லாவிட்டாலும், மேட்டுப்பாளையம் சாலையில் கொஞ்சம் மண் சரிந்தாலே மணல் லாரி வராது. ஜனவரியில் உறைபனி. ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் சிமெண்ட் இறுகுவது ஏறக்குறைய நின்றே போகும். போதாததற்கு படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை, பொங்கல் என்று ஆட்களும் கிடைக்க மாட்டார்கள். மே மாதம் சீசன் கூட்டம். மிஞ்சுவது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரைதான். இரண்டாம் முறை நான் மாசியில் தொடங்கினேன்.

மாதம் கிடைத்தாயிற்று. அடுத்தது, வேலை வரிசையில் தரைக்கு எந்த இடம்? உடைப்பு, குழாய்க்கும் ஒயருக்கும் காடி வெட்டுவது, பூச்சு, மேடை கட்டுவது எல்லாம் முடிந்த பிறகு. மர அலமாரி வருவதற்கு முன்பு. காடி வெட்டும்போது உளி கை தவறி விழுந்தால் புது டைல் மூலை போச்சு. அலமாரியை முதலில் வைத்தால் அதன் காலைச் சுற்றி டைல் வெட்ட வேண்டும், சிங்க் ஒழுகும் நாளில் தண்ணீர் அடியில் புகுந்து பலகையை உப்பவைக்கும். மேடைக்கு அடியிலும் சுவர் வரை டைல் போடச் சொல்லுங்கள். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று மேஸ்திரி கேட்பார். சிலிண்டரை இழுப்பவர்களுக்குத் தெரியும்.

சுவர் டைலில் கடைசி வரிசையை மட்டும் விட்டுவைத்து, தரை முடிந்ததும் அதன்மேல் உட்காரும்படி ஒட்டினால் இணைப்பு சுத்தமாக வரும். பெயிண்ட் முதல் கோட் தரைக்கு முன், கடைசி கோட் அலமாரிக்குப் பின்.

தளம் காய்ந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். இரண்டடிச் சதுரத்தில் பாலிதீன் தாளை விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு முழு நாள் விடுங்கள். எடுக்கும்போது உள்பக்கம் வியர்த்திருந்தாலோ காங்கிரீட் கறுத்திருந்தாலோ இன்னும் ஆகவில்லை. எனக்கு மூன்றாவது முறைதான் வறண்டு வந்தது. ஏழு நாள் தண்ணீர் விட்டு ஊறவைத்ததையும் சேர்த்துக் கிட்டத்தட்ட ஐந்து வாரம். "அக்கா, இப்படிப் பார்த்தா வேலையே நடக்காது" என்று கொத்தனார் தம்பி சலித்துக்கொண்டார். அந்த வாரங்களில் மாடி அறைக்குப் பூச்சு வேலை கொடுத்துவிட்டேன். ஆளை விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. சமையல் அதுவரை வராந்தாவில், ஒற்றை அடுப்பில்.

எங்கள் சமையலறையில் முதலில் இருந்தது பழைய ரெட் ஆக்சைடு தரை. மழமழவென்று இருக்கும் அதன்மேல் பசை பிடிக்காது, நன்றாகக் கொத்திவிட வேண்டும். தரை உயர்வதால் கதவின் அடியை அறுக்க வேண்டிவரும். அப்போது அரை அங்குலம் இடைவெளி விடுங்கள். மார்ச்சில் லேசாக ஆடும் கதவு ஜூலையில் ஈரம் குடித்து உப்பி, புது டைலைக் கீறும்.

ஒட்டி முடித்த அன்று யாரும் மிதிக்கக் கூடாது. மறுநாள்தான் இடுக்குகளுக்குப் பூச்சு. எங்கள் வீட்டுப் பூனைக்கு இதைச் சொல்ல முடியவில்லை. ஜன்னல் ஓரத்து இடுக்கில் அதன் கால் தடம் இன்னும் இருக்கிறது.