வில் வாங்கும் முன் நாற்காலியில் அமர்ந்து இழுத்துப் பாருங்கள்

அமெரிக்காவில் மான் வேட்டைக்குக் காம்பவுண்ட் வில் (முனைகளில் கப்பிகள் பொருத்திய நவீன வில்) வாங்குவோர், கடையிலேயே ஒரு நாற்காலியில் அமர்ந்து, இரு பாதங்களையும் தரையிலிருந்து சற்றே உயர்த்தி, நாணை நேராகப் பின்னோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். வில்லை வானை நோக்கித் தூக்கினால்தான் இழுக்க முடிகிறது என்றால், அதன் இழுவிசை உங்களுக்கு அதிகம். (அம்பு பூட்டாமல் இழுத்த நாணை மெதுவாகவே திரும்பவிட வேண்டும், சட்டென்று விட்டால் வில்லே உடையலாம்.)

கடையில் நின்றபடி எளிதாக இழுத்த அதே 70 பவுண்டு இழுவிசை, குளிரில் மணிக்கணக்காகப் பரணில் உட்கார்ந்து விறைத்துப்போன தோளுக்குப் பெரும் பாரமாகிவிடும். அந்தத் திணறலில் வில் மேலெழும் அசைவு ஒன்றே, 20 கஜத்தில் நிற்கும் வெள்ளைவால் மானை விரட்டிவிடப் போதுமானது. அகன்ற அம்புமுனை வெட்டுவதால்தான் மானை வீழ்த்துகிறது என்பதால், முனை நல்ல கூராக இருந்தால் 45 அல்லது 50 பவுண்டே தாராளம். கையில் ஏற்கெனவே வில் இருந்தால், மேலும் கீழும் உள்ள போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் சொல்லும் எல்லைக்குள் சம அளவில் தளர்த்தி விசையைக் குறைத்துக்கொள்ளலாம்; புதிது வாங்கும் செலவு மிச்சமாகும்.

மாநிலச் சட்டம் விதிக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. கொலராடோவில் அது 35 பவுண்டு. முன்கூட்டியே நாணேற்றி வைக்கும் குறுக்குவில்லுக்கும் ரைஃபிளுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது.