ரோமர் 9-ஐ நடுவில் திறக்காதீர்கள்

வேதபாட வகுப்பில் 'முன்குறித்தல்' (யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தீர்மானிப்பது) என்ற சொல் வந்தால் போதும், புதிதாகச் சேர்ந்தவர்களில் இரண்டு பேராவது நிமிர்ந்து உட்காருவார்கள். போன மாதமும் அப்படித்தான். ஒருவர் அதை வலியுறுத்திய 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினின் கட்சி, இன்னொருவர் மனிதனே தேர்ந்துகொள்கிறான் என்கிற சுயசித்தத்தின் கட்சி. அவர்கள் பேசப் பேச, இருபது வருஷத்துக்கு முந்தைய என் குரலே காதில் விழுந்தது. வசன எண்ணை மாற்றிச் சொல்வது போன்ற சின்னத் தவறுகளை யாராவது திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டு, பெரிய தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

13ஆம் வசனத்தில் தொடங்குவது

இதைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதைச் செய்தவன் நான். ஒரு நண்பரின் அண்ணன் விசுவாசத்துக்கு வராமலே இறந்துபோனார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நண்பர் கேட்டார்: "அண்ணனைத் தேவன் தெரிந்துகொள்ளவே இல்லையா?" நான் பவுல் எழுதிய ரோமர் கடிதத்தின் 9ஆம் அதிகாரத்தைத் திறந்து, 13ஆம் வசனத்திலிருந்து யாக்கோபு, ஏசா, பார்வோன், குயவன் என்று வரிசையாக விளக்கி, களிமண் குயவனைக் கேள்வி கேட்க முடியாது என்று முடித்தேன். நன்றாகச் சொன்னோம் என்ற திருப்தி வேறு. அவர் "சரி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்டதில்லை.

அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்பதை வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். பவுல் துக்கத்தோடு தொடங்குகிறார். தன் இனத்தார் கிறிஸ்துவை ஏற்கவில்லையே என்று ஓயாத மனவேதனை. அவர்களுக்காகத் தானே சபிக்கப்பட்டவனாகவும் தயார் என்கிற அளவுக்குப் போகிறார். 10ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் அவர்களுடைய இரட்சிப்புக்கான ஜெபம். 11ஆம் அதிகாரமோ, தேவனுடைய வழிகளை ஆராய்ந்து முடியாது என்ற வியப்பில் போய் நிற்கிறது. அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. பவுல் எழுதியது ஒரே கடிதம். அதிலிருந்து வாதத்தை மட்டும் வெட்டியெடுத்து, நான் துக்க வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

எதிர்க்கட்சிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். "அவருக்கு வாய்ப்பு இருந்தது, அவர்தான் மறுத்துவிட்டார்" என்று அதே வீட்டில் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதருடைய கடைசி மூச்சில் என்ன நடந்தது என்று இவர்களுக்கு யார் சொன்னது? இரட்சிக்கப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியல் எங்கள் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை.

இந்த விஷயத்தை அளவுக்கு மீறித் துருவுகிறவன் வெளியே வர வழி தெரியாத சுற்றுப்பாதைக்குள் நுழைகிறான் என்று எச்சரித்தவர் கால்வினேதான். இதைத் தனி விவேகத்தோடும் கவனத்தோடும் கையாள வேண்டும் என்று 1646இல் முடிக்கப்பட்ட, கால்வின் வழிவந்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் சொல்கிறது. கால்வினியத்தின் ஐந்து அம்சங்களை ஒப்பிக்கிறவர்கள் இந்த வரியை ஒப்பித்து நான் கேட்டதில்லை.

அர்மினியவாதிகளை அர்மீனியாவுக்கு அனுப்புவது

சுயசித்தக் கட்சிக்கு அர்மினியவாதிகள் என்ற பெயர் வரக் காரணமான இறையியலாளர் அர்மினியஸ் நெதர்லாந்துக்காரர். அர்மீனியாவோடு அவருக்குச் சம்பந்தமில்லை.

ஐந்து அம்சங்களைக் கால்வின் எழுதினார் என்பது

அவர் 1564இல் இறந்துவிட்டார். அர்மினியஸின் சீடர்கள் 1610இல் ஐந்து கூற்றுகளை முன்வைத்தார்கள். 1618–19இல் கூடிய டோர்ட் சினாடு என்ற சபை மன்றம் அவற்றுக்குப் பதில் சொன்னது. அந்தப் பதில்தான் இந்த ஐந்து அம்சங்கள்.

ஜெயித்துவிட்டால் விவாதம் முடிந்துவிடும் என்று நம்புவது

டோர்ட்டில் தோற்ற பக்கத்தின் போதகர்கள் சுமார் 200 பேர் பதவி இழந்தார்கள். விவாதம் முடிந்ததா? இல்லை. அதற்கு முன்பே ரோமில் கத்தோலிக்கத் துறவிகளான இயேசு சபையாருக்கும் டொமினிக்கன் சபையாருக்கும் இதே சண்டை வருஷக்கணக்கில் நடந்தது. 1607இல் போப் ஐந்தாம் பவுல் யாருக்கும் தீர்ப்பு எழுதவில்லை. ஒருவரையொருவர் கண்டனம் செய்யாதீர்கள் என்று அனுப்பிவிட்டார். எனக்கு அந்த முடிவு பிடிக்கும்.

சூடுபட்டதும் பேசுவதையே விட்டுவிடுவது

இது நான் பிற்பாடு செய்த தவறு. சில வருஷம் ரோமர் 9 பக்கமே போகாமல், 8இலிருந்து 12க்குத் தாவி நடத்தினேன். அதுவும் வெட்டு வேலைதான். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி 1739இல் முன்குறித்தலுக்கு எதிராகக் காட்டமாகவே பிரசங்கித்தார். அவருடைய நண்பரும் கால்வின் கட்சிக்காரருமான விட்ஃபீல்டு அதற்குப் பகிரங்கமாகவே பதில் எழுதினார். இருவரும் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1770இல் விட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் அவருக்காக நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. விட்ஃபீல்டே விரும்பிக் கேட்டிருந்தாராம்.