மாமாவும் பத்து மாம்பழத் துண்டுகளும்: பொருண்மை மட்டம் படிப்படியாக

கருதுகோள் சோதனையைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதிப் பாஸும் பண்ணியவன் நான். ஆனால் அது விளங்கினது எங்கள் வீட்டு விறாந்தையில்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் மாம்பழத்தில் கறுத்தக்கொழும்பான் இனம் எது, வெள்ளைக்கொழும்பான் இனம் எது என்று நாக்காலேயே சொல்லிவிடுவேன் என்று மாமா அடித்துச் சொன்னார். சரி, பார்ப்போம் என்று கத்தியை எடுத்தேன். நிகழ்தகவு, ஈருறுப்புப் பரம்பல் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1. சூனியக் கருதுகோள்: மாமா சும்மா ஊகிக்கிறார், ஒரு துண்டைச் சரியாகச் சொல்லும் நிகழ்தகவு 0.5. மாற்றுக் கருதுகோள்: அது 0.5 ஐ விடக் கூட. ஏன் மாமாவுக்கு எதிரானதைச் சூனியமாக வைக்கிறோம்? ஊகம் என்றால் 0.5 என்று ஒரு எண் கையில் இருக்கிறது, கணக்குப் போடலாம். "மாமா கெட்டிக்காரன்" என்பதற்கு எந்த எண்ணைப் போடுவது?

படி 2. பழத்தை வெட்ட முதலே பொருண்மை மட்டத்தைக் கொப்பியில் எழுதுங்கள். நான் 0.05 எழுதினேன். வெறும் ஊகக்காரரைக் கெட்டிக்காரர் என்று ஏமாந்து ஒத்துக்கொள்ளும் அபாயம் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான். புள்ளிவிபரவியலாளர் ஃபிஷர் 1925 இல் வெளியிட்ட புத்தகத்தால் பரவிய எண் இது. வசதிக்கு எடுத்தது, வேதவாக்கு இல்லை.

படி 3. ஒவ்வொரு துண்டுக்கும் காசைச் சுண்டி எந்தப் பழம் என்று முடிவெடுங்கள். ஐந்துக்கு ஐந்து என்று பிரித்தால் மாமா எண்ணிக்கொண்டிருந்து கடைசித் துண்டுகளை வாயில் வைக்காமலே சொல்லுவார். கோப்பையில் பால் முதலில் விட்டதா, தேநீர் முதலில் விட்டதா என்று சுவைத்தே சொல்லுவேன் என்ற ஒரு அம்மாவுக்கு ஃபிஷர் வைத்த பெயர்பெற்ற தேநீர்ச் சோதனையில் 8 கோப்பையில் 4 பால் முதலில் விட்டவை, அது அந்த அம்மாவுக்கும் தெரியும். அதனால் அங்கே கணக்கே வேறு: எல்லாம் சரிவர 70 இல் 1 வாய்ப்பு.

படி 4. மாமா பத்துக்கு எட்டு எடுத்தார். நான் கவிழ்ந்த இடம் இதுதான், ஆறுதலாக வாசியுங்கள்.

பி பெறுமானம் என்பது, மாமா ஊகிக்கிறார் என்றே வைத்துக்கொண்டால், எட்டோ அதற்கு மேலோ வருவதற்கான நிகழ்தகவு. (மாமா ஊகிக்கிறார் என்பதற்கான நிகழ்தகவு இல்லை. இதை நான் பல வருசம் மாறி விளங்கியிருந்தேன்.) எக்செல்லில் பைனோம்.டிஸ்ட் போட்டு, கடைசியில் ஃபோல்ஸ் கொடுத்தேன்: 0.0439. எழுதிவைத்த 0.05 ஐ விடக் குறைவு. மாமா வென்றுவிட்டார்! ஆனால் அது சரியாக எட்டு வருவதற்கு மட்டும். பிறகு ட்ரூ கொடுத்து, வந்ததை ஒன்றிலிருந்து கழித்தேன்: 0.0107. திரும்பவும் மாமா! அதுவும் பிழை. ட்ரூ எட்டையும் சேர்த்துக் கூட்டிவிடும், கழித்தால் மிஞ்சுவது ஒன்பதும் பத்தும்தான். எட்டுக்குப் பதில் ஏழைப் போட்டுக் கழிக்கவேண்டும். கையாலும் பார்க்கலாம்: எட்டு, ஒன்பது, பத்து சரிவரக்கூடிய விதங்கள் 45, 10, 1; கூட்டினால் 56, அதை 1024 ஆல் பிரித்தால் 0.0547.

ஒரே தரவு, மூன்று விடை, அதில் இரண்டு மாமாவின் பக்கம். அதனால்தான் இப்போது ஆர் மென்பொருளில் பைனோம்.டெஸ்ட் போடுகிறேன். இலவசம், இந்தப் பொறியும் இல்லை.

படி 5. 0.0547 என்பது எழுதிவைத்த 0.05 மட்டத்தை விடக் கூட. சூனியக் கருதுகோளை நிராகரிக்க முடியாது.

மாமாவுக்கு முகம் கறுத்துப்போச்சு. "இன்னும் ரண்டு துண்டு வெட்டு மருமோன், காட்டிறன்." இரண்டும் சரிவந்தால் 12 இல் 10, கணக்கு 0.0193 என்று காட்டும். நான் வெட்டவில்லை. தோற்றால் மட்டும் இரண்டு துண்டு கூட்டலாம் என்றால், ஊகக்காரர் வெல்லும் வாய்ப்பு 0.0107 (பத்தில் ஒன்பதோ பத்தோ எடுப்பது) இலிருந்து 0.0217 ஆகிவிடும், அதாவது இரண்டு மடங்கு. முடிவில்லாமல் வெட்டிக்கொண்டே போனால் எந்த ஊகக்காரரும் ஒருநாள் கோட்டைத் தாண்டுவார்.

அதுக்காக மாமா புளுகுகிறார் என்றும் நான் சொல்லவில்லை. பத்துத் துண்டில் வெல்லக் குறைந்தது ஒன்பது வேண்டும். நூற்றுக்கு எண்பது சரியாகச் சொல்லக்கூடிய ஒருவருக்கே அது கிட்டும் வாய்ப்பு 0.38 தான். சோதனை சின்னன், பிழை என்னுடையது. இருபது துண்டு என்றால் 15 போதும், அதே ஆளுக்கு வாய்ப்பு 0.80 ஆகிறது. வாற சீசனுக்கு இருபது என்று கொப்பியில் எழுதி மாமாவின் கையெழுத்தும் வாங்கியாச்சு.

பிறகு சேர்த்தது: ஆரில் 0.1094 வருகிறதே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் அது இருபக்கச் சோதனை செய்யும். எட்டுச் சரியையும் எட்டுப் பிழையையும் ஒன்றாக எண்ணும். மாமா சரியாகச் சொல்கிறாரா என்பதுதான் எங்கள் கேள்வி, அதனால் ஆல்ட்டர்நேட்டிவ் என்ற இடத்தில் கிரேட்டர் என்று கொடுங்கள். ஆனால் அதையும் பழம் வெட்ட முதலே.